அன்பளிப்புக் கணினிகளில் வைஃபை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப் பாடசாலைகளுக்குப் பழைய மடிக்கணினிகளை அன்பளிப்புச் செய்யும் நலன்விரும்பிகள், உரிமக் கட்டணம் எதுவுமில்லாத லினக்ஸ் இயங்குதளத்தை அவற்றில் நிறுவிக் கொடுப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் வைஃபை வேலை செய்யாத கணினியை, கேபிள் இணைப்புக்கு வழியில்லாத பாடசாலை என்ன செய்யும்? அலுமாரியில் வைத்துப் பூட்டும். பழி மட்டும் லினக்ஸின் தலையில் விழும்.

உண்மையில் பெரும்பாலான வைஃபை சிப்புகள், கணினி இயங்கத் தொடங்கும்போது ஃபேர்ம்வெயார் என்னும் சிறு கோப்பொன்று தமக்குள் ஏற்றப்பட்டால்தான் வேலை செய்யும். அதன் உரிமை தயாரிப்பாளரிடம் இருப்பதால், யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளையே சேர்ப்பதில் கண்டிப்பான டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அதனைத் தமது அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் நீண்டகாலம் சேர்க்கவில்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்நிலையை மாற்றினர். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் அக்கோப்புகள் வட்டிலேயே வருகின்றன. ஆகவே கைமாறிக் கைமாறி வரும் பழைய வட்டுகளைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். கருவியை இயங்குதளம் இயக்க உதவும் மென்பொருளான டிரைவரும் அப்படித்தான்: ரியல்டெக் 8821சிஇ சிப்புக்கான டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலில், 2020இல் வந்த 5.9 பதிப்பில்தான் சேர்ந்தது என்பதால், அதற்கு முந்திய கேர்னலுடன் வரும் வெளியீடு அந்தச் சிப்பைக் கண்டுகொள்ளாது.

கணினியின் மேலுள்ள நிறுவனப் பெயரைப் பார்த்து டிரைவர் தேடுவது வீண் வேலை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை எண்களையும் காட்டும்படி (lspci -nn) கொடுத்தால் ஒவ்வொரு அட்டைக்கும் இரு பகுதிகள் கொண்ட அடையாள எண் தெரியும். முதற்பகுதி 8086 எனில் அது இன்டெல், பெரும்பாலும் சிக்கல் தராது. தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

கடையில் மலிவாகக் கிடைக்கும், யூஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபை கருவிகளான டொங்கிள்கள் இன்னும் பொல்லாதவை. பெட்டியும் பெயரும் மாறாதிருக்க, பதிப்பு எண் மாறும்போது உள்ளே சிப்பே மாறிவிடுவதுண்டு. சில டொங்கிள்கள் செருகியவுடன் விண்டோஸ் டிரைவர் அடங்கிய இறுவட்டாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும். அந்த 'இறுவட்டை' வெளியேற்றிய பிறகே பலவேளைகளில் வைஃபை கருவியாக மாறும்.

டிரைவரைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று தவிக்கும் ஆசிரியர்கள், ஆண்ட்ரொய்ட் கைப்பேசியை யூஎஸ்பி வயரால் கணினியுடன் இணைத்து கைப்பேசியின் இணையத்தைக் கணினியுடன் பகிரும் டெதரிங் வசதியை இயக்கிப் பார்க்கலாம். கணினி அதனைக் கம்பிவழி இணைப்புப் போலவே ஏற்றுக்கொள்ளும். கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் இடமாக மட்டும் இருக்க வேண்டும், நம் மலைகளில் அதுவும் ஒரு கேள்விதான்.

அன்பளிப்புச் செய்வோரிடம் நான் கேட்பது அதிகமில்லை. கணினியை அனுப்புமுன் புதிய வெளியீடு ஒன்றைப் பென்ட்ரைவிலிருந்து இயக்கி, வைஃபை இணைகிறதா என்று பார்த்துவிட்டு, சிப்பின் அடையாள எண்ணையும் டிரைவரின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அடிப்பக்கத்தில் ஒட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.