இதய சிடி ஆஞ்சியோ படம் மங்கலாக எடுக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்: நோயாளியின் மகள், திருநெல்வேலி.
பெறுநர்: நிர்வாக இயக்குநர், ஸ்கேன் மையத் தலைமை அலுவலகம், சென்னை.
பொருள்: வலது கரோனரி குழாய் (இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) தெளிவில்லாமல் பதிவானது, படத்தை மறுபடி உருவாக்கித் தரவும், திருத்திய ரிப்போர்ட் வழங்கவும் கோருதல்.

ஐயா,

முதலில் ஒரு அவசர வேண்டுகோள். உங்கள் திருநெல்வேலி கிளையில் என் அப்பாவுக்கு எடுத்த ஸ்கேனின் ரா டேட்டாவை, அதாவது படமாக மாற்றுவதற்கு முன் ஸ்கேனர் பதிவு செய்த மூலத் தகவலை, அழிக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். எங்களிடம் கொடுத்த டிஸ்க்கில் இருப்பவை செய்து முடித்த படங்கள் மட்டுமே. ரா டேட்டா ஸ்கேனரின் கம்ப்யூட்டரில் கொஞ்ச நாள்தான் இருக்கும், இடம் நிறைந்ததும் பழையது தானாக அழிந்துவிடும் என்கிறார்கள். அது போய்விட்டால் கீழே நான் கேட்பதில் முக்கியமானது நடக்காது.

அப்பாவுக்கு 67 வயது, சுகர் உண்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது என்றதும், ரத்தக் குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போடாமலே பார்த்துவிடலாம் என்றுதான் இதய டாக்டர் சிடி ஆஞ்சியோ என்ற ஸ்கேனை எழுதிக் கொடுத்தார். ரூ. 9,000 கட்டினோம். இடப்பக்கக் குழாய்களில் பெரிய அடைப்பு இல்லை என்கிறது ரிப்போர்ட். வலது கரோனரி குழாயின் நடுப்பகுதிக்கு மட்டும், அசைவினால் மதிப்பிட இயலவில்லை, நோயாளியின் இதயத் துடிப்பு அதிகம், கதீட்டர் ஆஞ்சியோகிராம் செய்து பார்க்கவும் என்று எழுதியிருக்கிறது. எதைத் தவிர்க்க உங்களிடம் வந்தோமோ அதற்கே எங்களை அனுப்புகிறீர்கள். பழியும் அப்பாவின் இதயத்தின் மேல்.

துடிப்பு அதிகம் என்பது ஸ்கேனுக்குப் பிறகு தெரிந்த செய்தி அல்ல. நெஞ்சில் இசிஜி லீட் ஒட்டியதுமே திரையில் 88, 91 என்று ஓடியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். "பல்ஸ் கூடுதலா இருக்கே தம்பி" என்று கேட்டேன். "நம்ம மெஷின் 128 ஸ்லைஸ்மா, எல்லாம் கிளியரா வந்துரும்" என்றார் டெக்னீஷியன். அவரைக் குறை சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை. உங்கள் வாசலில் இருக்கும் போர்டும் அதைத்தான் சொல்கிறது.

ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படத் துண்டு) எண்ணிக்கை, ஒரு சுற்றில் எவ்வளவு அகலத்தைப் படம் பிடிக்கலாம் என்பதற்கு உதவும். இதயம் ஆடுவதற்குள் படம் பிடித்து முடிக்குமா என்பது எக்ஸ்ரே குழாயைத் தாங்கிய கேன்ட்ரி என்ற வளையம் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. ஒரு சுற்றுக்கு 0.35 நொடி எடுக்கும் எந்திரத்தில், ஒரு படத்துக்குத் தேவையான அரைச் சுற்றுக்கே ஏறத்தாழ 175 மில்லி நொடி ஆகிவிடும். இரண்டு எக்ஸ்ரே குழாய் உள்ள வேகமான எந்திரங்களில் இது 66 மில்லி நொடி வரை குறைகிறது. துடிப்பு 60 என்றால் ஒரு துடிப்புக்கு 1,000 மில்லி நொடி. 88 என்றால் 680 தான். அந்தக் குறைவில் பெரும்பங்கு, இதயம் விரிந்து ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் விழுகிறது. வலது கரோனரி, வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஓடுவதால் மற்றக் குழாய்களைவிட அதிகமாக ஆடும். முதலில் மங்குவது அதுதான்.

எங்கள் டாக்டர் அந்த டிஸ்க்கைப் போட்டுக் காட்டினார். வட்டப் பொட்டாகத் தெரிய வேண்டிய குழாய், வால் முளைத்த பிறை மாதிரி இழுபட்டுக் கிடந்தது. அதன் சுவரில் இருந்த சுண்ணாம்புப் படிவு வெள்ளைக் கீற்றாகத் தீற்றிப்போய், உள்ளே வழி இருக்கிறதா அடைபட்டிருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. அதே ஸ்கேனில் இடப்பக்கக் குழாய் கூர்மையாக இருந்தது.

இதைத் தடுக்கும் வழி ஒன்றும் புதிதல்ல. துடிப்பை 65-க்குக் கீழே, முடிந்தால் 60-க்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் முன்பே மெட்டோப்ரோலால் மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் இவாப்ரடின் போல வேறு மருந்து உண்டு. அப்பாவுக்கு மாத்திரையும் தரவில்லை, ஆஸ்துமா உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பில் நாலு மணி நேரம் வெறும் வயிறு என்று இருந்தது. காபி, டீ கூடாது என்று இல்லை. மூச்சை அடக்கச் சொல்லும் பதிவுக் குரலோ இந்தியில் பேசியிருக்கிறது. "என்னமோ சொல்லிச்சு, இழுக்கணுமா விடணுமான்னு புரியல" என்றார் அப்பா. வலது குழாய் மங்கியதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் திருநெல்வேலியில் அந்தக் குரல் தமிழில் இருக்க வேண்டாமா?

படங்களின் ஓரத்தில் 75% என்று இருக்கிறது. ஒரு துடிப்பின் நேரத்தில் எத்தனை சதவீதம் கடந்த கட்டத்தின் படம் என்பதை அது காட்டும். இதயம் விரிந்திருக்கும் அந்தக் கட்டம் மெதுவான துடிப்புக்குத்தான் பொருந்தும். துடிப்பு இவ்வளவு வேகமாக இருந்தால், சுருங்கி முடியும் 35 முதல் 45% வரையிலான கட்டத்தில் படம் தெளிவாக வர வாய்ப்பு அதிகம் என்கிறார் டாக்டர். ஆகவே ரா டேட்டாவில் அந்தக் கட்டம் பதிவாகியிருந்தால் அதிலிருந்து படங்களை மறுபடி உருவாக்கி, அசைவைத் திருத்தும் மென்பொருள் உங்களிடம் இருந்தால் அதையும் ஓட்டி, மூத்த ரேடியாலஜிஸ்ட் ஒருவர் பார்த்துத் திருத்திய ரிப்போர்ட் தர வேண்டும். அந்தக் கட்டத்தில் எக்ஸ்ரேயே போடவில்லை என்றால், 90-ஐ ஒட்டிய துடிப்புக்கு அப்படி செட் செய்தது ஏன் என்று எழுத்தில் விளக்குங்கள்.

மறு ஸ்கேன் என்று உடனே தாவ வேண்டாம். சுகர் உள்ளவரின் சிறுநீரகத்துக்கு குழாய்கள் படத்தில் தெரிய ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்து இன்னொரு டோஸ் என்பது சின்ன விஷயம் இல்லை. கதிர்வீச்சும் இரண்டாம் தடவை. வேறு வழியே இல்லாவிட்டால், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து, டாக்டர் முன்னிலையில் துடிப்பைக் குறைத்து, கட்டணம் வாங்காமல் எடுத்துத் தாருங்கள். எங்கள் டாக்டர் வேறு மையத்துக்குப் போகச் சொன்னால் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். ரிப்போர்ட்டில் துடிப்பு அதிகம் என்ற வரிக்குப் பக்கத்தில், துடிப்பைக் குறைக்க மருந்து தரப்படவில்லை என்பதையும் சேருங்கள். அடுத்த மருத்துவர் உண்மையை அறிந்து முடிவெடுக்க அது தேவை.

காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஏழு நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது, ரிப்போர்ட் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கதீட்டர் ஆஞ்சியோவுக்குத் தேதி குறிக்காமல், உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டாக்டர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்