கன்னியாவில் குடும்பத் திராட்சைத் தோட்டமொன்றில் வரையறுத்த அளவில் வைன் தயாரிக்க அனுமதி கோரும் மனு

கன்னியா,
திருகோணமலை.
2025.02.10

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

ஊடாக: பிரதேச செயலாளர், பட்டினமும் சூழலும், திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

விடயம்: சொந்தத் தோட்டத்துப் பழத்தில் ஆண்டுக்கு 1,000 போத்தலுக்கு மேற்படாமல் வைன் தயாரிக்கத் தங்கள் பரிந்துரையைக் கோரல்

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் பக்கமாக, பாறைக்குன்றொன்றின் அடிவாரத்தில், எனது தகப்பனார் வழியில் எமக்கு வந்த ஓர் ஏக்கர் உறுதிக் காணியில் நானும் மனைவியும் மகனும் 2016 ஆம் ஆண்டு முதல் திராட்சை செய்கைபண்ணி வருகிறோம். இத்தோட்டத்தின் கால் ஏக்கரில் நிற்கும் 160 கொடிகளின் பழத்தை மட்டும் கொண்டு சிறிய அளவில் வைன் தயாரிப்பதற்கு எமக்கு அனுமதி வழங்குமாறு மதுவரி ஆணையாளர் நாயகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும் என்பதே இம்மனுவின் வேண்டுதல். எமது விடயம் விவசாயம், மதுவரி, சுகாதாரம் ஆகிய மூன்று திணைக்களங்களின் வேலியோரத்தில் நிற்பதாலும், இம்மூவரையும் ஒரே மேசையில் அமர்த்தக்கூடியவர் மாவட்டத்தில் தாங்களே என்பதாலும் தங்களிடம் வந்திருக்கிறோம்.

இந்தத் தொழிலை நான் இங்கு பழகவில்லை. 1991 இல் நாட்டைவிட்டுச் சென்ற நான், சுவிற்சர்லாந்தின் வலே மாநிலத்தில், ரோன் நதியின் வலக்கரையில் சியோனுக்கும் சியேருக்கும் இடையிலுள்ள மலைச்சரிவில் ஒரு குடும்பத்தாரின் தோட்டத்தில் 14 அறுவடைகள் வேலை செய்தேன். அவர்களுடைய நிலம் ஒரு ஹெக்ரெயருக்கும் குறைவு. அதுவும் சீமெந்து பூசாத வெறுங்கல் அணைகள் தாங்கி நிற்கும் சிறு சிறு படிகளாகச் சரிவெங்கும் சிதறிக் கிடந்தது. உழவு இயந்திரம் ஏற முடியாத இடம் என்பதால் பழப்பெட்டிகளை முதுகில் சுமந்தே இறக்குவோம். வலே, அந்நாட்டில் மழை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. பனிமலை ஓடைகளிலிருந்து பாறைகளின் இடுப்பைச் சுற்றி வெட்டிக் கொண்டுவரப்பட்ட 'பிஸ்' என்னும் பழைய வாய்க்கால்களே அந்தச் சரிவுகளை வாழவைத்தன. அதே மாநிலத்தின் விஸ்பர்டெர்மினன் என்ற ஊரில் கொடிகள் கடல்மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கும் மேலே ஏறி நிற்கின்றன. இவ்வளவு சிரமப்பட்டு அக்குடும்பம் ஆண்டுக்குச் செய்தது சில ஆயிரம் போத்தல் வைன் மட்டுமே. அதுவும் அடுத்த அறுவடைக்கு முன்னரே தெரிந்தவர்களிடம் விற்றுத் தீர்ந்துவிடும்.

அந்த மலையில் நான் கண்டவற்றுள் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது ஒரு தாளைப் பற்றியதாகும். ஆண்டுதோறும் அறுவடைக்கு முன்னர் ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் மாநில அரசிடமிருந்து 'அக்கி' என்று அவர்கள் அழைக்கும் ஓர் அனுமதித் தாள் வரும். எந்தத் துண்டு நிலம், எத்தனை சதுர மீற்றர், எந்த இனத் திராட்சை, அதிகபட்சம் எத்தனை கிலோ என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். ஊர்ப்பெயரைத் தாங்கி விற்கப்படும் வைனுக்குச் சிவப்பினமாயின் சதுர மீற்றருக்கு 1.2 கிலோ, வெள்ளையினமாயின் 1.4 கிலோ என்பது நாடு முழுவதற்குமான உச்ச எல்லை. மாநிலங்கள் விரும்பினால் அதை இன்னும் குறைக்கலாம். பழம் வைன் செய்யும் கூடத்துக்குப் போகும்போது தாளும் கூடவே போகும். பின்னர் பரிசோதகர் வந்து ஏட்டையும் தாங்கியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நிலத்தின் பரப்புத் தெரிந்தால் பழத்தின் அளவு தெரியும். பழத்தின் அளவு தெரிந்தால் போத்தலின் எண்ணிக்கை தெரியும். ஒளித்துச் செய்ய இடமில்லாத அளவுக்கு அந்த ஏற்பாடு எளிமையானது.

2014 இல் ஊர் திரும்பியபோது அங்கு கற்றதையெல்லாம் அப்படியே இங்கு செய்துவிடலாம் என்று எண்ணியது எனது பிழை. எமது நிலத்தை மலைச்சாரல் என்று சொன்னால் நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள்; ஆயினும் சரிவு உண்டு, மாரியில் மண் அரித்துப் போவதும் உண்டு. ஆகவே குன்றிலிருந்து உருண்ட கற்களைக் கொண்டு நானும் மகனும் இடுப்பளவு உயரத்தில் நான்கு அணைகள் கட்டினோம். வலேயில் அத்தகைய அணை பகல் வெயிலைச் சேமித்து வைத்து, இரவில் கொடிக்குக் கொடுத்துப் பழத்தைக் கனியவைக்கும். இங்கோ கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் இரவு எட்டு மணிக்கும் அந்தக் கல்லில் கை வைக்க முடியாது. அணையோரத்தில் நட்ட முதல் வரிசையின் இலைகள் பீடி இலைபோல் சுருண்டு கருகின. இரண்டாம் ஆண்டில் அவற்றைப் பிடுங்கி அணையிலிருந்து ஆறடி தள்ளி நட்டு, யாழ்ப்பாணத்தார் செய்வது போல் தலைக்கு மேலே கம்பிப் பந்தலிட்டுப் படரவிட்ட பிறகே கொடிகள் பிழைத்தன. தடிகளும் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த இஸ்ரேல் புளூ இனமே. குளிர்நாட்டில் கொடி மாரியில் உறங்கும். எமது மண்ணில் அது உறங்குவதில்லை, கிளைகளை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணினால்தான் பூக்கும். ஆகவே வாடை மழை ஓய்ந்ததும் தை மாதக் கடைசியில் ஒருமுறையும், ஆனியில் ஒருமுறையும் கவ்வாத்துப் பண்ணி, ஏறக்குறைய நான்கு மாதங்களில் பழம் கொய்கிறோம். இரண்டாம் போகத்தை அடுத்த மழைக்கு முன்னர் கொய்துவிட வேண்டும். பிந்தினால் அடிச்சாம்பல் நோயும் அழுகலும் குலையைத் தின்றுவிடும். நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோக் கலவை தெளிக்கிறோம். மயில்களையும் கிளிகளையும் பற்றி எழுதினால் அதுவே தனி மனுவாகிவிடும்.

கடந்த ஆண்டு இரு போகங்களிலும் சேர்த்து முழுத் தோட்டத்திலிருந்தும் கிடைத்த பழத்தில் மூன்றிலொரு பங்கை நல்ல விலைக்கு விற்க முடியவில்லை. எமது பழத்தில் விதை உண்டு, தோல் தடிப்பு, புளிப்பும் சற்று முன்னிற்கும். நகரச் சந்தையில் ஒரு வியாபாரி பழமொன்றை வாயிலிட்டுச் சுவைத்து, மூன்று விதைகளையும் உள்ளங்கையில் துப்பி என்னிடமே நீட்டி, "ஐயா, விதையில்லாத வெளிநாட்டுப் பழம் பெட்டி பெட்டியாய்க் கிடக்குது, இதை ஆர் வாங்குவினம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அதே தடித்த தோலிலும் புளிப்பிலும்தான் வைனின் நிறமும் உயிரும் இருக்கின்றன. உண்பதற்குக் குறையாக இருப்பது வைனுக்கு நிறைவாகிறது.

சாறு பிழிந்து விற்றுப் பார்த்தோம். குளிர்பெட்டியில் வைக்கத் தவறிய ஒரு போத்தல் சாறு, வைகாசி வெயிலில் விறாந்தையில் இருந்த இரண்டாம் நாளே மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு நுரை கக்கியது. பழத்தோலிலுள்ள மதுவம் என்னும் நுண்ணுயிருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை, எமக்குத் தேவை. ஆகவே அதை மனைவி அப்படியே முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டார். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி மதுபானம் தயாரிப்பது குற்றம் என்பதை நாம் அறிவோம். இன்றுவரை ஒரு சாடி பழத்தைக்கூட வேண்டுமென்று நொதிக்க வைத்ததில்லை என்பதைத் தெளிவாகப் பதிவுசெய்கிறோம்.

அனுமதி கேட்டு மூன்று ஆண்டுகளாக அலைகிறோம். நாம் சென்ற ஓர் அலுவலகத்தில் தந்த படிவம், கொதிகலனின் கொள்ளளவையும் வடிகலனின் வரைபடத்தையும் கேட்டது. வைன் தயாரிப்பில் எதையும் கொதிக்கவைப்பதுமில்லை, வடிப்பதுமில்லை; நசுக்கிய பழம் தன் சர்க்கரையிலேயே நொதிக்கிறது. ஒரு லீற்றர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத மதுசாரமாக மாறும் என்பதால், எமது பழத்திலிருந்து சுமார் 10 சதவீதத்துக்கு மேல் இயல்பாக வராது. இதை எழுத்தில் விளக்கியும் அந்தப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதுவதற்குக் கட்டம் இருக்கவில்லை. இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தில், எனது ஆச்சி சொல்வது போலவும் இப்பகுதியின் பழைய வழக்குப்படியும் 'முந்திரிகைச் செய்கை' என்று எழுதினேன்; கோப்பு மரமுந்திரிகை தொடர்பான வேறோர் இடத்துக்குப் போய் ஏழு மாதம் உறங்கிவிட்டு, கசுக்கொட்டைக்கு மானியம் இல்லை என்ற பதிலுடன் திரும்பி வந்தது. அதனாலேயே இம்மனு முழுவதிலும் திராட்சை என்றே எழுதியிருக்கிறேன்.

ஆகவே பெரிய வடிசாலைக்கென வகுத்த அளவுகோலால் எம்மை அளக்காமல், மேலே சொன்ன வலே மாநிலத் தாளைப் போன்ற ஒரு தாளால் எம்மைக் கட்டிப்போடுமாறு நாமே கேட்கிறோம். கால் ஏக்கர் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 1.2 கிலோ என்று எல்லை வைத்தால் ஆண்டுக்கு 1,200 கிலோ பழம். அதிலிருந்து சுமார் 750 லீற்றர், அதாவது 750 மில்லிலீற்றர் அளவில் 1,000 போத்தல். விவசாயப் போதனாசிரியர் கொடிகளை எண்ணி உறுதிப்படுத்தட்டும். கொய்யும் நாளில் மதுவரி உத்தியோகத்தர் ஒருவர் முன்னிலையில் பழம் நிறுக்கப்படட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூடத்தைப் பார்வையிடட்டும். வெளியிலிருந்து பழமோ மதுசாரமோ ஒரு துளியும் சேர்க்கமாட்டோம். எமது வெப்பத்தில் திறந்த வெளியில் நொதிக்கவைத்தால் மதுவம் சோர்ந்து பாதியில் நின்றுவிடும் என்பதால், குளிரூட்டிய அறையொன்றும் 300 லீற்றர் கொள்ளும் துருப்பிடிக்காத உருக்குத் தாங்கிகள் மூன்றும் அமைப்பதற்கான திட்டத்தை, காணி உறுதியின் பிரதியுடனும் கிராம உத்தியோகத்தரின் சான்றுடனும் இணைத்துள்ளோம். போத்தலுக்குரிய மதுவரியைக் குறைக்குமாறு நாம் கேட்கவில்லை. அனுமதிக் கட்டணம் மட்டும் தயாரிக்கும் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். இலட்சக்கணக்கான லீற்றர் செய்யும் நிறுவனமும் 750 லீற்றர் செய்யும் குடும்பமும் ஒரே தொகையைக் கட்டுவதென்றால், அது வாசலில் நின்றே எம்மைத் திருப்பி அனுப்புவதாகும்.

சிறிய உற்பத்தியாளரை அரசு முன்னரும் தனியாகக் கவனித்திருக்கிறது. வட மாகாணத்தில் சீவல் தொழிலாளர் இறக்கும் பனங்கள்ளைக் கூட்டுறவுச் சங்கங்கள் பெற்று விற்கும் ஒழுங்கு நெடுங்காலமாக உண்டு. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபைத் துறவிகள் செய்த திராட்சை வைனை அறியாதவர் எமது பக்கத்தில் குறைவு.

எமது கிராமத்தில் மது பற்றி உள்ள கவலையை நாம் மதிக்கிறோம். எனது மனைவியே முதலில் மறுத்தவர். கசிப்பினால் கெட்ட குடும்பங்களை அவர் கண்ணாரக் கண்டவர். அவர் வைத்த நிபந்தனைகளையே தங்களிடமும் வைக்கிறோம். தோட்டத்தில் ஒரு கிண்ணம்கூடச் சில்லறையாக விற்கப்படமாட்டாது. பெயர்ப்பலகையோ விளம்பரமோ இராது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின் விதிகள் யாவும் பேணப்படும். உப்புவெளி, நிலாவெளிப் பகுதிகளில் ஏற்கெனவே மதுபான அனுமதி பெற்ற விடுதிகளுக்கும், விரும்பினால் ஆலயங்களின் திருப்பலித் தேவைக்கும் மட்டுமே போத்தல்கள் போகும். திருப்பலிக்குரிய வைன் திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாகச் செய்யப்பட்டதாயும் கெடாததாயும் இருக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். எமது முறையில் வேறொன்றும் கலப்பதில்லை என்பதால் அத்தேவைக்கும் அது பொருந்தும்.

தாங்கள் இப்பரிந்துரையை வழங்குவதற்கு முன்னர், மூன்று திணைக்களத்தாரும் சேர்ந்த ஒரு கள ஆய்வுக்கு நாளொன்றைக் குறித்துத் தருமாறும், பதில் எதுவாயினும் அதைத் தமிழில் எழுத்தில் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். தை மாதக் கவ்வாத்து முடிந்து கொடிகள் இப்போது துளிர்த்து நிற்கின்றன. இந்தப் போகத்துப் பழம் சந்தைக்கே போகும். அடுத்த கவ்வாத்து ஆனி நடுப்பகுதியில் நடக்கும். வைனுக்கென்றால் பிஞ்சிலேயே குலைகளைக் கழித்து, கொடிக்கு ஒருசில குலைக்கு மேல் விடாமல், சர்க்கரை ஏறும்வரை காத்திருக்க வேண்டும். சந்தைக்கென்றால் உள்ள குலையெல்லாம் விடவேண்டும். கழித்த குலையை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. ஆகவே தங்கள் முடிவு எதிர்வரும் மே மாத இறுதிக்குள் எமக்குக் கிடைத்தால், கத்தரியைக் கையில் எடுக்கும்போது என்ன செய்வதென்று எமக்குத் தெரிந்திருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
தோட்ட உரிமையாளரும் துணைவியாரும்
கன்னியா, திருகோணமலை.