நடுவரிசையிலிருந்து

அன்புள்ள செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கு நலம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதற்குமேல் எனக்குக் கேட்க வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

விடிகாலையில் மொட்டைமாடிக்குப் போனால் செவ்வாய் தெரிகிறது. சின்ன வயதில் உனக்குச் சொன்ன கால்வாய்க் கதை ஞாபகம் வந்தது. 1877-ல் மிலானில் ஸ்கியாபரெல்லி என்ற வானியலாளர் அங்கே கோடுகளைப் பார்த்து 'கனாலி' என்று எழுதினார். தானாக உண்டான பள்ளத்துக்கும் இத்தாலியில் அதே சொல்தான். ஆங்கிலத்துக்குப் போனதும் அது வெட்டின கால்வாய் ஆகிவிட்டது. பெர்சிவல் லோவெல் 1894-ல் அரிசோனாவில் சொந்தச் செலவில் வானாய்வகமே கட்டினார். தண்ணீருக்குத் தவித்த செவ்வாய்வாசிகள் துருவத்துப் பனியிலிருந்து வெட்டியது என்று புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். 1965-ல் மரினர் 4 விண்கலம் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தது. கால்வாயும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் குழிகள்.

உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 1903-ல் வால்டர் மான்டர் என்பவர் கிரீன்விச்சில் பள்ளிப் பையன்களுக்கு முன்னால் புள்ளியும் திட்டுமான படங்களை மாட்டி, பார்த்து வரையச் சொன்னார். முன்வரிசைப் பையன்கள் உள்ளதை வரைந்தார்கள். ரொம்பப் பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கால்வாய் வரைந்தது நடுவில் இருந்தவர்கள்தான்.

நான் நடுவரிசைக்காரன், அம்மாடி. மூன்று ஞாயிறாக வீடியோவில் மாப்பிள்ளையைக் காணோம். கல்யாணப் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் நிற்கிறது. ஆடிக்கு 'வர்றேன்' என்றாய், 'வர்றோம்' என்று சொல்லவில்லை. "வெள்ளையடிச்சிருப்பாங்க" என்கிறாள் உன் அம்மா. அவள் கொடுத்துவைத்தவள், கடைசி வரிசை.

கற்பனையே கூடாது என்பேனா? 1899-ல் 17 வயதுப் பையன் கோடார்ட் செர்ரி மரத்தில் உட்கார்ந்து, செவ்வாய்க்குப் போகிற இயந்திரத்தை மனசில் கண்டான். இறங்கி வந்து கணக்குப் போட்டான். 1926-ல் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் பறந்தது. நீயும் அப்படித்தான். தீப்பெட்டியில் பாலம் கட்டின பிள்ளை இன்று நிஜப் பாலத்துக்குக் கணக்குப் போடுகிறாய். தபால்காரர்வரை சொல்லிவைத்திருக்கிறேன். பெற்றவனிடம் இரண்டு நிமிஷம் பேசத்தான் உனக்கு நேரமில்லை.

குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பன்னிரண்டாம் வகுப்பில் உன் இயற்பியல் நோட்டுக்குள் மதுரை பஸ் டிக்கெட் ஒன்று பார்த்தேன். உன்னிடம் கேட்கவில்லை. நானே ஒரு பையனை உண்டாக்கி, அவனுக்கு மீசையும் பைக்கும் கொடுத்தேன். கோயம்புத்தூரில் உனக்கு இடம் கிடைத்தபோது பணமில்லை என்றேன். பணம் இருந்தது. உள்ளூர்க் கல்லூரியில் நீ சேர்ந்து ஒரு மாதம் கழித்து, ரேவதியின் அம்மா கடைவீதியில் என்னை நிறுத்தி, மகள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வந்து பார்த்ததற்கு நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்தேன். நீ கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்தாய். சொல்லவில்லை. 14 வருடமாகச் சொல்லவில்லை.

சரி. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டாதே. வெள்ளிக்கிழமை அம்மா கைமுறுக்கு சுற்றுகிறாள். உனக்கு மட்டும் அனுப்பவா, மாப்பிள்ளைக்கும் சேர்த்தா என்று ஒரு வரி எழுது.

அப்பா