உடைய வேண்டியது ‘ஷியர் பின்’தான்

ஆசிரியருக்கு,

பழைய டாட்ஜ் பவர் வேகன் படத்தின் கீழே ‘சொகுசு வண்டி’ என்று போட்டிருந்தீர்கள். சொகுசுக்கும் அதற்கும் வெகுதூரம்! போர்க்காலத்தில் முக்கால் டன் பாரம் ஏற்றிய ராணுவ வண்டியின் வாரிசாக 1946இல் வந்த அதை, அமெரிக்காவில் மின்கம்பம் நட்டவர்களும் காட்டுத்தீ அணைத்தவர்களும் ஓட்டினார்கள். ஆரம்பத்தில் 94 குதிரைத்திறன்தான்; வேகம் வராது, இழுவை வரும்.

அதன் முன்பக்க வின்ச்சை, அதாவது கம்பிவடத்தை உருளையில் சுற்றிப் பாரம் இழுக்கும் கருவியைச் சுழற்றுவது கியர்பாக்ஸின் பக்கவாட்டிலிருந்து வரும் தண்டு. தண்டையும் வின்ச்சையும் இணைக்கும் சிறு முளையான ஷியர் பின் மெல்லிரும்பாகவே இருக்க வேண்டும். பாரம் மிஞ்சினால் முதலில் அறுவது அதுதான். புதுப்பிக்கிறேன் என்று அங்கே கடினமான போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். பிறகு கம்பிவடம் அறும், அல்லது வின்ச்சுக்குள் இருக்கும் வார்ம் கியரின் (திருகால் சுழலும் பல்சக்கரம்) பல் போகும். பின்னின் விலை என்ன, கியரின் விலை என்ன! உருளையிலும் நாலைந்து சுற்று வடம் எப்போதும் மிச்சமிருக்கட்டும்.

— ஒரு வாசகர்