ஞாயிறு காலைப் பழைய படக் காட்சிகள் குறித்து எங்கள் ரசிகர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஞாயிறு காலைக் காட்சியாகப் பழைய தமிழ்ப் படங்களைத் திரையிடத் தொடங்கிய நாள் முதல், படம் விட்டு வெளியே வரும்போது உங்களில் பலர் ஒரே குறையை வெவ்வேறு சொற்களில் எங்களிடம் சொல்லி வருகிறீர்கள்: "சின்ன வயதில் பார்த்த படம் இப்படி இல்லையே." திரையின் இரு ஓரங்களும் கறுப்பாக இருக்கின்றன, நிறம் சிவந்திருக்கிறது, ஒரு பாட்டையே காணோம், ஒலி முன்பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது என்று நீங்கள் சொன்னவை அனைத்தும் உண்மை. அவற்றுள் சில, நாங்கள் தெரிந்தே அப்படி விட்டிருப்பவை; சில, எங்களால் சரிசெய்ய இயலாதவை. எது எந்த வகை என்பதை உங்களுக்கு விளக்கிச் சொல்லவே இந்த மடல்.

முதலில் கறுப்பு ஓரங்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ராஜராஜ சோழன் வந்தது 1973-ல். அதற்கு முந்தைய படங்களில் சுருளில் பதிந்த ஒவ்வொரு படக்கட்டமும், ஏறக்குறைய அகலம் நான்குக்கு உயரம் மூன்று என்ற அளவில், சதுரத்தை நெருங்கியதாக இருந்தது. எங்கள் இன்றைய திரையோ அகலமானது. படத்தை இழுத்து நிரப்பினால் முகங்கள் அகன்றுவிடும். பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். 1958-ல் வந்த வஞ்சிக்கோட்டை வாலிபனில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தை அப்படி நிரப்பிக் காட்டினால், தாளத்தைக் கேட்கலாம், தாளம் போடும் பாதங்களைப் பார்க்க முடியாது. ஆகவே ஓரங்கள் கறுப்பாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். இதை மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

நிறத்தின் கதை வேறு. கறுப்பு வெள்ளைப் படம் பளிச்சென்று தெரிய, அதற்குப் பின்னால் வந்த வண்ணப் படம் மங்கிச் சிவந்திருப்பது ஏன் என்று போன மாதம் ஒரு பெரியவர் கேட்டார். மிக நியாயமான கேள்வி. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளித் துகள்; அது எளிதில் மங்குவதில்லை. ஈஸ்ட்மன் கலர் என்ற வண்ணச் சுருளில் எடுத்த பிரிண்டில், அதாவது திரையிடும் பிரதியில், இருப்பவை மூன்று சாயங்கள். வெயிலும் ஈரப்பதமும் மிகுந்த நம் ஊர்க் கிடங்குகளில், மூடிய தகரப் பெட்டிக்குள் இருந்தாலும், அவற்றுள் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடும், மிஞ்சுவது செம்மை. பிரிண்டுகளுக்கு மூலமான நெகட்டிவ் சுருள் நல்ல நிலையில் கிடைத்தால் கணினியில் நிறத்தை மீட்கலாம். 1964-ல் வந்த கர்ணன், 2012-ல் அவ்வாறு புதுப்பிக்கப்பட்டு வெளியாகி நூறு நாள்களைக் கடந்து ஓடியதைக் கண்ட பிறகுதான் எங்களுக்கும் இந்தக் காலைக் காட்சிக்கான துணிவு வந்தது. ஆனால் அந்தப் பணி படத்தின் உரிமை உள்ளவர்கள் பொருட்செலவு செய்து செய்ய வேண்டியது. திரையிடும் உரிமை மட்டும் பெற்ற நாங்கள் படத்தின் மேல் கைவைக்க முடியாது.

உங்களை மிகவும் வருத்துவது காணாமற்போன காட்சிகளும் பாடல்களும் என்பதை அறிவோம். எங்களையும் அதுவே வருத்துகிறது. கொட்டகைக் காலத்தில் ஒரு பிரிண்ட் முதலில் நகரத்தில் ஓடி, பிறகு சிற்றூருக்கு வந்து, கடைசியாக டூரிங் டாக்கீஸுக்குப் போகும்; பக்கத்து ஊர்க் கொட்டகையோடு பங்கிட்டு ஓட்டிய நாள்களில் ரீல் பெட்டி சைக்கிள் கேரியரில் ஏறி இரு ஊர்களுக்கிடையே அலையும். ஓடும்போது சுருள் அறுந்தால், ஆபரேட்டர் அறுந்த முனைகளைக் கத்தரித்து, பிளேடால் பூச்சைச் சுரண்டி, பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டுப் போடுவார். நீங்கள் இருட்டில் விசிலடித்துக் காத்திருந்த அந்தச் சில நிமிடங்களில் மேலே நடந்தது அதுதான். ஒரு அடிச் சுருளில் 16 கட்டங்கள். நொடிக்கு ஓடுபவை 24. ஒவ்வொரு ஒட்டுக்கும் அரை அடி போனாலும், மூன்று முறை அறுந்த இடத்தில் ஒரு நொடி, அதாவது ஒரு சொல் போய்விடும். அதிலும் சுருளில் ஒலியைத் தாங்கும் கோடான ஒலித்தடம் தன் படக்கட்டத்துக்கு ஏறக்குறைய 20 கட்டங்கள் முன்னதாகப் பதிந்திருப்பதால், முகம் ஓரிடத்திலும் அதன் பேச்சு வேறோரிடத்திலும் வெட்டுப்படும். நடிகர் வாய் திறந்ததும் காட்சி துள்ளுவதாக நீங்கள் உணர்வது இதனால்தான். இவை தவிர, ஆட்டத்தை நேரத்தோடு முடிக்கவென்று பாட்டையோ நகைச்சுவைப் பகுதியையோ முழுதாகக் கழற்றி வைத்த வழக்கமும் இருந்தது. கழற்றிய துண்டு பெட்டிக்குத் திரும்பாமற்போனதும் உண்டு. இன்று நெகட்டிவ் அழிந்துவிட்ட பல படங்களுக்கு, அப்படித் தேய்ந்து மிஞ்சிய பிரிண்ட் ஒன்றே மூலமாக இருக்கிறது. எங்களுக்கு இப்போது வரும் டிஜிட்டல் பிரதியும் அதிலிருந்து எடுத்ததுதான்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படங்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. திரைக்குப் பின்னிருந்த ஒலிபெருக்கிக்காகவே அமைக்கப்பட்டவை. அதைச் செயற்கையாக நாற்புறமும் பிரித்துவிட்டால் வசனத்தின் கனம் குறைகிறது என்பது எங்கள் அனுபவம்.

மணலைக் குவித்து மேடாக்கி, முன்னால் இருப்பவர் தலை மறைக்காதபடி உட்கார்ந்து நீங்கள் பார்த்த படத்தை முழுமையாகத் திருப்பித் தர எங்களால் இயலாது. இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுவோம். பெயர் ஓடுவது முதல் வணக்கம் வரை எதையும் வெட்ட மாட்டோம். இடைவேளையைப் படத்தில் உள்ள இடத்திலேயே விடுவோம். எங்களுக்குத் தெரிந்தவரை எந்தப் பாடல், எந்தக் காட்சி இல்லை என்பதை வரும் ஞாயிறு முதல் டிக்கெட் கவுண்டருக்கு அருகில் உள்ள பலகையில் முன்கூட்டியே எழுதி வைப்போம். டிக்கெட் வாங்கிய பின் அதைப் படித்து, பார்க்க விருப்பமில்லாமல் திரும்புவோருக்குப் படம் தொடங்கும் முன் முழுத் தொகையையும் தந்துவிடுவோம்.

உங்களிடம் ஓர் உதவியும் கேட்கிறோம். அந்நாளில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் உங்களில் சிலரின் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ இருக்கலாம். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்திருக்கும் அந்த மெல்லிய புத்தகத்தில் படத்தின் பாடல்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். எது விடுபட்டது என்று உறுதியாகச் சொல்ல எங்களுக்குக் கிடைக்கும் சிறந்த சான்று அதுவே. தாள் நொறுங்கும் நிலையில் இருந்தாலும் தயங்காமல் கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே பாடல் வரிசையைக் குறித்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறோம். காலைக் காட்சிக்கு அரை மணி நேரம் முன்பிருந்து எங்களில் ஒருவர் அதற்காகவே கவுண்டரில் இருப்பார்.

இங்ஙனம்,
அரங்க உரிமையாளரும் பணியாளர்களும்