பொன்னுக்கு வீங்கியை மடக்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

"ரெண்டு டோஸ் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசி) போட்டவனுக்கே வருதே, அப்புறம் ஊசி எதுக்கு?" என்று, நம் விடுதியில் பொன்னுக்கு வீங்கி பரவியபோது எழுந்த கேள்விக்கு அறை அறையாகப் போய்ப் பதில் சொன்ன மாணவத் தொண்டர்களுக்கு முதல் நன்றி. ஊசி போலி என்ற பேச்சு வேர்விட்டிருந்தால் வீக்கத்தை எல்லாரும் மறைத்திருப்பார்கள். இரண்டு தவணை ஊசி, நோய் வரும் வாய்ப்பைச் சுமார் 86 சதவீதம் குறைக்கிறது. ஆண்டுகள் போகப்போக அந்தக் காப்பு தேய்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2015-16இல் நோய் பரவியபோது, இரண்டாம் தவணை போட்டு 13 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆனவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கல்லூரி வயதும் விடுதி நெருக்கமும் சேரும் இடம் அது.

மாதிரி எடுத்த ஆய்வகத் தோழர்களின் பொறுமைக்குத் தனி நன்றி. காதுக்குக் கீழே கன்னச் சுரப்பியை 30 விநாடி நீவி, மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் திறக்கும் உமிழ்நீர்க் குழாயின் வாயில் செயற்கை இழைக் குச்சியால் துடைத்தீர்கள். நீவாமல் எடுத்தால் வைரஸ் போதுமான அளவு கிடைக்காது. வீங்கிய 3 நாளுக்குள் எடுப்பதே நல்லது. ஊசி போட்டவர்களின் ரத்தத்தில், புதுத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதம் ஏறாமலே போகலாம். 'நெகட்டிவ்' என்ற ஒரே தாளை நம்பி யாரையும் வகுப்புக்கு அனுப்பாமல் இருந்ததே பெரிய உதவி.

விடுதிக் காப்பாளர்களே, பதிவேட்டில் மாணவர் வந்து சொன்ன தேதியை அல்ல, வீக்கம் தொடங்கிய தேதியைக் கேட்டு எழுதினீர்கள். தனிமைக்கான 5 நாளும் அதிலிருந்துதான் எண்ணப்படும். வீங்குவதற்கு 2 நாள் முன்பே தொற்று பரவிவிடும் என்பதால், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவர் யார் என்பதுவரை விசாரித்தீர்கள்.

செவிலியர்களே, மூன்றாம் தவணை 0.5 மி.லி. ஒவ்வொன்றையும் 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் காத்தீர்கள். கர்ப்பிணிகளையும் எதிர்ப்புத் திறன் மிகக் குறைந்தவர்களையும் விசாரித்து விலக்கினீர்கள். ஊசி போட்ட பத்தாம் நாள் கன்னம் வீங்கியவரின் கோபத்தையும் தாங்கினீர்கள். நோய் அரும்ப 12 முதல் 25 நாள் ஆகும். முன்பே உள்ளே புகுந்த வைரஸை இந்த ஊசி தடுக்காது. அயோவாவில் மூன்றாம் தவணை போட்டு 28 நாள் கழித்துப் பார்த்தபோது, இரண்டோடு நின்றவர்களைவிட ஆபத்து 78 சதவீதம் குறைந்திருந்தது.

இந்த நோயால் வரும் விரை வலியைக் கூச்சப்படாமல் வந்து சொன்ன மாணவர்களுக்கும் நன்றி. பெரும்பாலும் அது ஒரு பக்கம்தான் வரும், மலட்டுத்தன்மை அரிது என்பதை உங்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கேட்டறிந்தார்கள்.

கடைசி நோயாளிக்குப் பின் 50 நாள், அதாவது நோய் அரும்ப ஆகும் அதிகபட்சக் காலமான 25 நாள் இருமுறை கடக்கும்வரை, பதிவேடு திறந்தே இருக்கும். மாலைதோறும் அதில் 'இன்று யாருக்கும் வீக்கம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடும் மாடிப் பொறுப்பாளர்களுக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
மாணவர் மருத்துவ மையக் குழு