மேகத்துக்குள் எனக்குத் துணை வந்தவர்களுக்கு

பாம்பன், மண்டபம், ராமநாதபுரம், தொண்டிப் பக்கத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே தனியார் விமானி உரிமம் வாங்கியிருந்த எனக்கு, இப்போது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் கிடைத்திருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்ததிலிருந்து, "அதான் முன்னாடியே லைசென்ஸ் வாங்கிட்டியே, இது என்ன புதுசா?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொன்னால்தான் யாருக்கு எதற்காக நான் கடன்பட்டிருக்கிறேன் என்பதும் விளங்கும்.

முதலில் வாங்கியது கண்ணை நம்பிப் பறப்பதற்கான உரிமம். மேகத்தை விட்டு விலகியே இருக்க வேண்டும், வெளியே பார்த்து ஓட்ட வேண்டும். ரேட்டிங் இருந்தால் மேகத்துக்குள்ளும் போகலாம். எதிரே இருக்கும் கருவிகளையும், தரையிலிருந்து ரேடியோவில் விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டாளரின் குரலையும் வைத்தே ஓட்டி, ஓடுபாதையை நெருங்கும் வரை கீழே இறங்கி வரலாம். அங்குள்ள விதிப்படி இதற்கு 40 மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்திருக்க வேண்டும். பொறுப்பு விமானியாக 50 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போயிருக்க வேண்டும். ஆசிரியரோடு போகும் ஒரு பயணம் 250 கடல் மைலுக்குக் குறையக் கூடாது. கடல் மைல் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, வானத்திலும் அதே கணக்குதான். அப்புறம் எழுத்துத் தேர்வு, கடைசியாகத் தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் தேர்வு.

முதல் நன்றி என் பயிற்சி ஆசிரியைக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. காதுக்குள் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்களில் ஓடும் திரவம்தான் நாம் திரும்புகிறோம் என்பதை மூளைக்குச் சொல்கிறது. ஒரே சீராகக் கொஞ்ச நேரம் திரும்பிக்கொண்டே இருந்தால் அந்தத் திரவமும் நம்மோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். உடனே, நேராகப் போகிறோம் என்று உடம்பு சொல்லும். அங்கிருந்து உண்மையிலேயே விமானத்தை நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெளியே எதுவும் தெரியாமல் போன பிறகு விமானம் அவர்கள் கையை விட்டுப் போவதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை! இதையெல்லாம் வாயால் சொல்வதோடு அவர் விடவில்லை. என் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, விமானத்தைத் தன் கையில் வைத்து, என் உடம்புக்கே காட்டிக்கொடுத்தார். பிறகு முக்கியமான கருவி ஒன்றைத் தட்டு வைத்து மறைத்துவிட்டு, மீதியை வைத்து ஓட்டச் சொல்வார். ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாத பொறுமை அவருடையது.

அவர் சொன்னதை நான் சீக்கிரம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் என் சித்தப்பா. சிறுவயதில் வடகடலில் அவரோடு நாட்டுப்படகில் போயிருக்கிறேன். மழை இருட்டில் கரை விளக்கு எதுவும் தெரியாத நேரத்தில் அவர் சொல்வார்: "மனசு ஒரு பக்கமா இழுக்கும்டா தம்பி, கரை அங்கதான் இருக்குன்னு அடிச்சுச் சொல்லும். அதைக் கேக்காத. காம்பஸ் சொல்றதக் கேளு." விமானப் பள்ளியில் படித்த பாடத்தின் பாதி இதுதான். மீதிப் பாதியும் பாம்பனில் கற்றதுதான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டால் சித்தப்பா யாரோடும் வாதாட மாட்டார், படகைக் கட்டிவிடுவார். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்திலும் அப்படித்தானே? காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது, அவ்வளவுதான். ரேட்டிங் வாங்கியவர் எந்த வானிலையிலும் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இடிமேகத்துக்குள்ளோ, இறக்கையில் பனிக்கட்டி படியும் மேகத்துக்குள்ளோ என் போன்றவர்களின் சிறு விமானம் போகவே கூடாது. ஓடுபாதைக்கு இறங்கும்போதும், ஓடுபாதைப் பக்கமிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்து இறங்கும் வழக்கமான ஐஎல்எஸ் முறையில் தரைக்கு மேல் சுமார் 200 அடிக்கு வந்தும் விளக்கோ ஓடுபாதையோ தெரியவில்லை என்றால், உடனே மேலேறிவிட வேண்டும். அந்த இடத்தில் மனசோடு பேரம் பேசக் கூடாது என்பதை நான் சித்தப்பாவிடம்தான் படித்தேன்.

அடுத்து, அங்கே எனக்குக் கிடைத்த தொண்டிக்கார அண்ணன். வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மறைப்புப் போட்டுப் பழகும்போது, பக்கத்தில் இன்னொரு விமானி இருந்து வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில் முதன்முதலாக வெளியே எதையும் பார்க்காமல் ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டிய அந்த 15 நிமிடப் பயணத்திலும் பென் கெல்சி என்ற இளம் அதிகாரி காவலுக்கு உட்கார்ந்திருந்தார். டூலிட்டிலின் பெயரைத்தான் எல்லோருக்கும் தெரியும், எனக்குக் கெல்சியை ரொம்பப் பிடிக்கும். அண்ணனும் அப்படி ஒருவர். நோன்பு மாதத்தில்கூட ஞாயிறு காலையில் வந்து உட்கார்ந்து, எனக்காகக் கண்ணை வெளியே வைத்திருந்தார். பெட்ரோல் காசில் பங்கு வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே என்றாலும், "அட போப்பா" என்று தள்ளிவிடுவார். அண்ணே, தொண்டியில் உங்கள் உம்மாவைப் பார்த்து நேரிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

என் மனைவிக்குச் சொல்ல வேண்டியது நிறைய. கிளம்புவதற்கு முன் கட்டுப்பாட்டாளர் எந்த ஊர் வரை, எந்த வழி, எவ்வளவு உயரம், எந்த அலைவரிசை, என்ன அடையாள எண் என்று மடமடவென்று சொல்வார். எழுதிக்கொண்டு, வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். இரவில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அவள்தான் எனக்குக் கட்டுப்பாட்டாளர். "ஏங்க, இந்தத் தடவை இன்னும் வேகமாச் சொல்றேன், எழுதுங்க" என்பாள். விமானத்தில் ஏறவே பயப்படுகிறவள் எனக்காக அந்தச் சொற்களையெல்லாம் படித்துக்கொண்டாள்.

ராமநாதபுரத்தில் எனக்கு இயற்பியல் நடத்திய சார், சைக்கிள் சக்கரத்தை இரண்டு கையாலும் அச்சைப் பிடித்துச் சுற்றவிட்டு, "இப்போ சாய்ச்சுப் பார்" என்று வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். சுழலும் சக்கரம் தன் அச்சை விட்டுக்கொடுக்காது. நான் பழகிய பழைய விமானத்தில் சாய்வைக் காட்டும் கருவிக்குள் சுழல்வதும் அதே தத்துவம்தான். பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்ட மாணவர்களைக் கடற்கரைக்கே கூட்டிப்போன தம் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றி அப்துல் கலாம் ஐயா கடைசிவரை பேசினார். எனக்கு என் சார் அப்படி.

அம்மாவுக்கும், கல்லூரிச் செலவுக்கு நகை கொடுத்த அத்தைக்கும், முதல் விமானப் பயணத்துக்கு மதுரை வரை வண்டி பிடித்து வழியனுப்ப வந்த தெருக்காரர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. அடர்ந்த மேகத்துக்குள் நான் முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று, நிதானமாக வழி சொல்லிக்கொண்டே வந்த அந்தக் கட்டுப்பாட்டாளரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவருக்கும் நன்றி.

நான் படித்த புத்தகங்களையும் பழைய வான்வழி வரைபடங்களையும் சாரிடம் கொடுத்திருக்கிறேன். ஆர்வமுள்ள பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், அவரிடம் வாங்கிப் பார்க்கலாம். பொங்கல் வரை பாம்பனில்தான் இருப்பேன். எதைக் கேட்க வேண்டும் என்றாலும் வீட்டுக்கு வாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் பாம்பன் பிள்ளை